ஓடுகிறதா? நின்றுவிட்டதா?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறீர்களா? சாவியைத் திருகியாகிவிட்டது, சாவி இடுப்பில் பத்திரமாகவும் இருக்கிறது. ஆயினும் நாலடி நடந்தவர் திரும்பி வந்து, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி நடப்பார். "அதான் பூட்டியாச்சே, அப்புறம் என்ன?" என்று நாம் சலித்துக்கொள்வோம். அந்தச் சலிப்பு எத்துணைத் தவறானது என்பதை நான் இந்த ஆண்டு 4,224 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். அந்தப் பணம் முழுவதும் என்னுடையதும் அன்று. அதுவே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

மாணவ நண்பர்களே! பேராசிரியப் பெருமக்களே! மேகக் கணிப்பொறியில் நாம் ஓட்டுகின்ற இயந்திரத்தையும், அதனிடம் ஒப்படைத்த வேலையையும், "ஓடுகிறதா, நின்றுவிட்டதா? முடிந்ததா, முறிந்ததா?" என்று கட்டளை வரியில் கேட்டறியும் பழக்கம் நம் செய்முறை வகுப்பில் ஒரு பாடமாக வேண்டும். கேட்டால் மட்டும் போதாது. வருகின்ற விடைக்கு என்ன பொருள் என்று அறிந்து கேட்க வேண்டும். இதுவே என் கருத்து. இக்கருத்துக்கு நான் எவ்வாறு வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு நாள் எரிந்த விளக்கு

எங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணி, கையால் எழுதிய தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறி படித்தறியச் செய்வது. நால்வர் கொண்ட குழு. துறை ஆய்வகத்துக் கணிப்பொறிகள் அவ்வளவு பெரிய வேலையைத் தாங்கவில்லை. ஆகவே மேகக் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் ஓர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தோம்.

மேகம் என்றதும் ஏதோ வானில் மிதப்பது என்று எண்ண வேண்டா. எங்கோ ஓர் ஊரில், குளிரூட்டிய பெருங்கட்டடத்தில், அடுக்கடுக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் கணிப்பொறிகளே மேகம். அவற்றுள் ஒன்றை மென்பொருளால் பல கூறாக்கி, ஒவ்வொரு கூறும் தனிக் கணிப்பொறி போலவே இயங்கும்படி செய்கிறார்கள். அதற்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். பெரிய வீடு ஒன்றைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே வாடகை மாதக் கணக்கில் இல்லை. மணிக்கணக்கில், சில இடங்களில் நொடிக்கணக்கில். எங்கள் இயந்திரத்திற்கு மணிக்குப் பதினாறு ரூபாய்.

வாடகை செலுத்த வங்கி அட்டை வேண்டும். எங்கள் நால்வரில் ஒருவரிடமும் அதற்கேற்ற அட்டை இல்லை. குழுவிலிருந்த தோழி தன் அண்ணனிடம் பேசி அவருடைய அட்டையைப் பயன்படுத்த இசைவு பெற்றுத் தந்தாள். அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். "ஐந்நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடுங்கண்ணா" என்று தொலைபேசியில் அவருக்கு உறுதி சொன்னவன் நான்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய மாலை. ஊருக்குச் செல்லும் பேருந்தைப் பிடிக்கும் அவசரம். உலாவியில் திறந்திருந்த பக்கத்தை மூடினேன். ஆய்வகக் கணிப்பொறியை அணைத்தேன். மின்விசிறியைக்கூட அணைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அணைக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அந்த இயந்திரம், விடுமுறை முழுதும், அதையடுத்து வந்த மாதிரித் தேர்வு முழுதும், பதினோரு நாள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. வேலை ஒன்றும் செய்யாமலே ஓடியது. 264 மணி நேரம். பதினாறால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வங்கியிலிருந்து குறுஞ்செய்தி போனது அந்த அண்ணனுக்கு. அவர் என்னை அழைத்தார். கோபப்படுவார் என்று அஞ்சியே எடுத்தேன். அவர் கேட்டது இதுதான்: "தம்பி, எங்க கம்பெனியில நைட் ஷிப்ட் முடிஞ்சா சூப்பர்வைசர் ஒவ்வொரு மிஷினா நடந்து பார்த்துட்டுத்தான் கேட்டை விட்டு வெளியே போவாரு. உங்க மிஷின் எங்கயோ இருக்குதுன்னு தங்கச்சி சொல்லுச்சு. இங்கேயிருந்தே அது ஓடுதா நிக்குதான்னு கேக்கறதுக்கு ஒரு வழி இருக்குமில்லைங்க?"

"இருக்குங்கண்ணா" என்றேன். ஒரே ஒரு வரி. அதைத் தட்டச்சிட அரை நிமிடம் போதும். அந்த ஒரு வரியை நான் கேட்கவில்லை.

பணத்தை நால்வரும் பகிர்ந்து திருப்பிக் கொடுத்தோம். ஆளுக்கு 1,056 ரூபாய். குற்றம் என்னுடையது, தண்டம் நால்வருக்கும். எங்களுள் ஒருவன் மூன்று முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போய் அப்பணத்தைச் சேர்த்தான். என்னை அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும், இக்கட்டுரையும் பிறந்திராது.

அட்டைக் கட்டிலிருந்து கட்டளை வரிக்கு

நிற்க. "என் வேலை என்னவாயிற்று?" என்று கணிப்பொறியைக் கேட்பது எக்காலத்திலும் இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 வகைப் பெருங்கணிப்பொறி ஒன்று நிறுவப்பட்டது. அத்தகைய பெருங்கணிப்பொறிகளின் காலத்தில், நிரலைத் துளையட்டைகளில் பதித்து, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அச்சிட்ட தாளாக விடை வரும் வரை காத்திருக்க வேண்டும். நிரலில் ஒரு காற்புள்ளி தவறியிருந்தாலும் அதைத் தாள் வந்த பிறகே அறிய முடியும். இடையில் கேட்க வழியில்லை.

அந்தக் கதவை உடைத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பெர்னாண்டோ கோர்பட்டோ. ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொண்டு, தட்டச்சுப் பொறியின் வழியே வினவி விடை பெறும் முறையை அவர் குழுவினர் 1961இல் செய்து காட்டினர். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் அமைப்பைத் தொடங்கினர். அந்த யூனிக்ஸ் வழியில் வந்த கணிப்பொறிகளில் "பி.எஸ்." என்ற இரண்டே எழுத்தைத் தட்டினால் போதும், என்னென்ன வேலைகள் ஓடுகின்றன என்று பட்டியல் வந்து நிற்கும்.

2006இல் அமேசான் நிறுவனம் "ஈ.சி.2" என்ற பெயரில் மெய்நிகர் இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. கூகுளும் மைக்ரோசாப்டும் பின்தொடர்ந்தன. கணிப்பொறி அறையை விட்டு வெளியேறிற்று. ஊரை விட்டும் வெளியேறிற்று. ஆனால் அதனிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை. தொலைவு கூடக் கூட, கேட்க வேண்டிய கடமையும் கூடிற்று என்பேன்.

படமா, எழுத்தா?

இந்நிறுவனங்கள் ஒவ்வொன்றும் நிலையை அறிவதற்கு இருவழி வைத்திருக்கின்றன. ஒன்று, பொத்தான்களும் வண்ணப் படங்களும் நிறைந்த வலைப்பக்கம். மற்றொன்று, எழுத்தால் கேட்டு எழுத்தால் விடை பெறும் கட்டளை வரி. அமேசானில் "ஏடபிள்யூஎஸ் ஈசி2 டிஸ்க்ரைப்-இன்ஸ்டன்சஸ்". கூகுளில் "ஜிகிளவுட் கம்ப்யூட் இன்ஸ்டன்சஸ் லிஸ்ட்". மைக்ரோசாப்டின் அஸூரில் "ஏஇசட் விஎம் லிஸ்ட் -டி". ஒலிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

"படம் இருக்க எழுத்து எதற்கு? முன்னேறிய காலத்தில் பழங்காலத்துக்கு ஏன் போக வேண்டும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முதன்முதல் பழகுகிறவனுக்குப் படப்பக்கமே நல்லது என்பதை மறுக்கவில்லை. நாள்தோறும் செலவு எப்படி ஏறியது என்பதை வரைபடமாகக் காண அதைவிடச் சிறந்த வழியும் இல்லை. ஆயினும் நம் போன்ற மாணவர்க்குக் கட்டளை வரியே உற்ற துணை என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்வேன்.

முதற்காரணம், நம் நிலைமை. நம்மில் பலர் வீட்டில் கணிப்பொறி இல்லாதவர்கள். கைப்பேசியே நமக்குக் கணிப்பொறி. அதிலும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த இணையம். ஊர்ப்புறத்தில் அலைக்கோடு ஒன்றிரண்டு தெரிந்தாலே பெரிது. படப்பக்கம் திறக்க வேண்டுமானால் படமும் நிரலும் மூட்டை மூட்டையாக இறங்க வேண்டும். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டளை வரியின் விடையோ சில வரி எழுத்து. கைப்பேசியில் ஒரு முனையச் செயலி இருந்தால், பேருந்தில் நின்றுகொண்டே கேட்டுவிடலாம்.

இரண்டாவது, கட்டளையை ஏட்டில் எழுதி வைக்கலாம். ரெக்கார்டு நோட்டில் எழுதிய கட்டளையை அடுத்த ஆண்டு மாணவன் பார்த்து அப்படியே தட்டலாம். "வலப்பக்க மூலையில் நீலப் பொத்தான் இருக்கும், அதை அழுத்து" என்று எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு அந்தப் பொத்தான் அங்கே இருக்குமா? நிறம்தான் நீலமாக இருக்குமா? படப்பக்கங்கள் அடிக்கடி முகம் மாற்றிக்கொள்கின்றன. கட்டளைகள் எளிதில் மாறுவதில்லை.

மூன்றாவது காரணத்தைத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆங்கிலம் என்றால் அச்சப்படும் நமக்குக் கட்டளை வரி இன்னும் அச்சமூட்டும் என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. படப்பக்கத்தில் நூறு சொல் நம்மைச் சூழ்ந்துகொண்டு மிரட்டும். கட்டளை வரியில் முப்பது சொல்லைக் கற்றுக்கொண்டால் மூன்றாண்டும் ஓட்டலாம். ஆனால் அம்முப்பது சொல்லையும் நன்றாகக் கற்க வேண்டும். ஏனெனில் அவற்றுள் சில நம்மை ஏமாற்றக் கூடியவை.

ஒரு சொல், பல பொருள்

"டெர்மினேட்டட்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முடிவுற்றது என்று பொருள். அமேசானில் ஓர் இயந்திரத்தின் நிலை இச்சொல்லாக வந்தால் அந்த இயந்திரம் அழிந்தது. மீண்டும் எழுப்ப முடியாது. அழிந்த பிறகும் சிறிது நேரம் பட்டியலில் அதன் பெயர் நிற்கும், அவ்வளவே. கூகுளிலோ அதே சொல், நிறுத்தி வைக்கப்பட்ட இயந்திரத்தைக் குறிக்கிறது. வேண்டும்போது மறுபடி ஓட்டலாம். ஓரிடத்தில் மரணம், மற்றோரிடத்தில் உறக்கம். ஒன்றில் பழகியவன் மற்றொன்றுக்குப் போய், "செத்துப்போயிற்று, இனிச் செலவில்லை" என்று நிம்மதியாக இருந்தால் என்னாகும்? உறங்கும் இயந்திரத்தின் வட்டுக்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

"ஸ்டாப்டு" என்ற சொல்லும் அத்தகையதே. அமேசானில் நின்ற இயந்திரத்திற்கு ஓட்டக் கட்டணம் இல்லை. ஆனால் அதனோடு இணைந்த வட்டுக்குக் கட்டணம் உண்டு. அதற்கென ஒதுக்கிப் பிடித்து வைத்த பொது இணைய முகவரிக்கும் கட்டணம் உண்டு. அஸூரிலோ, வெறுமனே "ஸ்டாப்டு" என்றிருந்தால் ஓட்டக் கட்டணமே நிற்பதில்லை! "டீஅலோகேட்டட்" என்று வந்தால்தான் நிற்கும். "ஏஇசட் விஎம் ஸ்டாப்" என்று கட்டளையிட்டுவிட்டு, நிறுத்திவிட்டோம் என்று இருந்தால் மீட்டர் ஓடிக்கொண்டேயிருக்கும். "ஏஇசட் விஎம் டீஅலோகேட்" என்று சொல்ல வேண்டும். பயணி இறங்கிப்போன பின்னும் ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்வதற்கும், கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

"ரன்னிங்" என்ற சொல்லாவது நேர்மையானதா? அதுவும் இயந்திரம் ஓடுகிறது என்று மட்டுமே சொல்லும். அதற்குள் நம் நிரல் ஓடுகிறதா என்பதைச் சொல்லாது. கடைத்தெருவில் கடை திறந்திருக்கிறது என்பதனாலேயே கல்லாவில் ஆள் இருக்கிறார் என்று ஆகிவிடுமா?

வெறுமையும் ஒரு விடைதான்

பிழையான விடையைவிட ஆபத்தானது வெறுமையான விடை. பட்டியல் கேட்கிறோம், ஒன்றும் வரவில்லை. "அப்பாடா! எதுவும் ஓடவில்லை" என்று மகிழ்கிறோம். அவசரப்பட வேண்டா.

அமேசானின் கட்டளை, நாம் அமைத்து வைத்திருக்கும் ஒரு வட்டாரத்தை மட்டுமே பார்த்து விடை சொல்லும். அந்நிறுவனம் 2016இல் மும்பையிலும் 2022இல் ஐதராபாத்திலும் தன் வட்டாரங்களைத் திறந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒன்று தொடக்கத்திலிருந்தே உண்டு. வர்ஜீனியாவில் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு மும்பையில் கேட்டால் "ஒன்றும் இல்லை" என்றுதான் விடை வரும். அது பொய் அன்று. கேட்ட கேள்விக்கு அதுவே விடை. கூகுளில் வட்டாரச் சிக்கல் இல்லை. எல்லா வட்டாரத்தையும் சேர்த்தே காட்டும். ஆனால் நடப்பிலிருக்கும் திட்டத்தை மட்டுமே காட்டும். இரண்டு திட்டம் தொடங்கியவன் இரண்டிலும் கேட்டாக வேண்டும்.

இன்னொன்று. அமேசானில் "டிஸ்க்ரைப்-இன்ஸ்டன்ஸ்-ஸ்டேட்டஸ்" என்று மற்றொரு கட்டளை உண்டு. இயந்திரம் நலமாக இருக்கிறதா என்று சோதித்த விவரத்தை அது தரும். ஆனால் அது ஓடும் இயந்திரங்களை மட்டுமே காட்டும். நின்றவற்றையும் காட்டு என்று தனியே சொன்னால்தான் காட்டும். நின்றுபோன இயந்திரங்களும் அவற்றின் வட்டுகளும் அப்பட்டியலில் தெரியா. தேர்வு முடிவு வெளியாகும் நாளில், தவறான வகுப்பின் பட்டியலில் தன் எண்ணைத் தேடிவிட்டு அழுத மாணவனை நாம் அறிவோம். பட்டியலில் எண் இல்லையென்றால், முதலில் பட்டியலின் தலைப்பைப் படிக்க வேண்டும்.

முடிந்ததா, முறிந்ததா?

பணம் போன பிறகு நான் திருந்தினேனா? திருந்தினேன் என்றே நினைத்தேன். எங்கள் துறைப் பேராசிரியர் முயன்று, உயர்கல்வி நிறுவனம் ஒன்றின் பெருங்கணிப்பொறியில் எங்களுக்கு இடம் பெற்றுத் தந்தார். அங்கே வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளுக்கு ஸ்லர்ம் என்று பெயர். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் தொடங்கிய இம்மென்பொருள் இன்று உலகின் பெருங்கணிப்பொறிகள் பலவற்றில் வேலை பார்க்கிறது.

"எஸ்பேட்ச்" என்று சொல்லி வேலையை ஒப்படைக்க வேண்டும். "எஸ்கியூ" என்று கேட்டால் வரிசை தெரியும். "பி.டி." என்றால் காத்திருக்கிறது, "ஆர்" என்றால் ஓடுகிறது. காத்திருப்பதற்குக் காரணமும் அடைப்புக்குள் வரும். "ரிசோர்சஸ்" என்றால் கேட்ட அளவு இடம் இன்னும் காலியாகவில்லை; "பிரையாரிட்டி" என்றால் நமக்கு முன் உரிமை உடையவர்கள் நிற்கிறார்கள். முடிந்த வேலை சில நிமிடங்களில் இந்த வரிசையிலிருந்து மறைந்துவிடும். வரிசையில் இல்லை என்பதற்காக வெற்றி என்று கொள்ளக் கூடாது. "எஸ்அக்ட்" என்ற கட்டளையால் பழங்கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும். "கம்ப்ளீட்டட்", "ஃபெயில்டு", "டைம்அவுட்", "அவுட் ஆஃப் மெமரி" என்று முடிவின் வகை அங்கே தெரியும்.

எங்கள் வேலை ஓர் இரவு முழுதும் வரிசையில் நின்றது. காலையில் கேட்டேன். "கம்ப்ளீட்டட்", பக்கத்தில் 0:0 என்ற எண். சுழியம் என்றால் பழுதில்லாமல் முடிந்தது என்பது யூனிக்ஸ் மரபு. முதல் எண் நிரல் விட்டுச்சென்ற எண்; இரண்டாவது, நிரலை இடையில் கொன்ற சமிக்ஞை ஏதேனும் இருந்தால் அதன் எண். இரண்டும் சுழியம். துள்ளிக் குதித்தேன். "முடிந்தது!" என்று குழுவினர்க்கு அறிவித்தேன். மறுநாள் துறையில் திட்டப்பணி ஆய்வு. விடைக் கோப்பைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. கோப்பின் அளவும் சுழியம்.

நடந்தது என்ன? நான் கொடுத்த கட்டளைக் கோப்பின் நடுவரியில் எங்கள் நிரல் இருந்தது. எழுத்துப் படங்கள் இருக்கும் அடைவின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதியிருந்தேன். நிரல் தொடங்கிய நொடியே முறிந்துவிட்டது. ஆனால் கடைசி வரியில், "வேலை முடிந்தது" என்று அச்சிடும்படி ஒரு வரியை அழகுக்காக எழுதியிருந்தேன். அந்த வரி பழுதில்லாமல் ஓடிற்று. கோப்பின் கடைசிக் கட்டளை எந்த எண்ணை விட்டுச் செல்கிறதோ அதையே முழு வேலையின் முடிவாக ஸ்லர்ம் எடுத்துக்கொள்ளும். ஸ்லர்ம் என்னை ஏமாற்றவில்லை. "முடிந்தது" என்ற சொல்லை நானே எழுதி, அதை நானே படித்து, நானே நம்பினேன்.

இதற்கு மருந்து உண்டு. கட்டளைக் கோப்பின் தலையில் "செட் -ஈ" என்று எழுதினால், ஒரு வரி முறிந்தவுடன் முழுக் கோப்பும் நின்று தோல்வியைச் சொல்லும். நிரலின் விடையைக் குழாய்க் குறியிட்டு மற்றொரு கட்டளைக்கு அனுப்புகிறவர்கள் "செட் -ஓ பைப்ஃபெயில்" என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லையேல் குழாயின் கடைசியில் நிற்பவன் நலமாக இருந்தால் எல்லாம் நலம் என்றே கணக்காகும். இவ்வளவும் செய்த பிறகு, விடைக் கோப்பையும் திறந்து பார்க்க வேண்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு பானைக்கு அது சரி. ஒரே வேலையை நூறு கூறாகப் பிரித்து நூறு இடத்தில் ஓட்டுகிறோமே, அங்கே நூறு அடுப்பு, நூறு பானை. ஒன்றில் வெந்திருப்பதால் மற்றதிலும் வெந்திருக்கும் என்று இலை போட்டுவிடலாமா? நூறு கூற்றுக்கும் நிலை கேட்டு, முறிந்தவை எத்தனை என்று எண்ணி, அவற்றை மட்டும் மறுபடி ஓட்ட வேண்டும். கட்டளை வரியின் அருமை இங்கேதான் தெரியும். நூறு வரியிலிருந்து தோற்ற நான்கை வடித்தெடுக்க ஒரு வரி போதும். படப்பக்கத்தில் கண் வலிக்கும்.

அளவோடு கேட்போம்

கேட்க வேண்டும் என்றதும் நொடிக்கொரு முறை கேட்டுக்கொண்டே இருக்கும் ஆர்வலர்களும் நம்மிடையே உண்டு. தானாகவே ஓயாமல் கேட்கும்படி நிரலெழுதி வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் மறுமுனையில் ஒரு கணிப்பொறி விடை தேட வேண்டியிருக்கிறது. "எஸ்கியூ" கட்டளையைச் சுழற்சியில் வைத்து ஓட்டாதீர்கள் என்று ஸ்லர்ம் கையேடே எச்சரிக்கிறது. அமேசான் போன்ற நிறுவனங்கள் அளவுக்கு மிஞ்சிக் கேட்பவரைச் சற்றுநேரம் தடுத்து நிறுத்தும். அடுப்பில் சோறு வேகும்போது மூடியை ஓயாமல் திறந்து பார்த்தால் சோறு வேகுமா? ஆறு மணி நேர வேலைக்கு அரை மணிக்கொரு கேள்வி போதும். வேலை முடிந்ததும் மின்னஞ்சல் அனுப்பு என்று ஸ்லர்மிடமே சொல்லி வைக்கவும் வழியுண்டு.

செய்ய வேண்டுவன

குறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது எளிது. ஆகவே என் வேண்டுகோள்களையும் வைத்துவிடுகிறேன்.

மேகக் கணிப்பொறியைத் தொடும் ஒவ்வொரு செய்முறைப் பயிற்சியும், நிலை கேட்கும் கட்டளையோடு முடிய வேண்டும். கேட்ட கட்டளை, எந்த வட்டாரத்தில் எந்தத் திட்டத்தில் கேட்டோம் என்ற விவரம், வந்த விடை, கேட்ட நேரம் ஆகிய நான்கையும் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பத்தியாக எழுத வேண்டும். வேதியியல் ஆய்வகத்தில் எரிவாயுக் குழாயை மூடிவிட்டுத்தான் மாணவர்களை வெளியே விடுகிறார்கள். அதைவிட இது என்ன குறைந்தது?

திட்டப்பணி அறிக்கையில், "வெற்றிகரமாக ஓடியது" என்று எழுதினால் போதாது. வேலையின் முடிவு எண்ணையும் விடைக் கோப்பின் அளவையும் காட்டச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு மதிப்பெண்ணாவது ஒதுக்கப் பேராசிரியர்கள் மனம் வைக்க வேண்டும். மதிப்பெண் இல்லாத பழக்கம் நம்மிடம் நிலைக்காது என்பதை நாமே ஒப்புக்கொள்வோம்!

மாணவர்களுக்கு ஒன்று. செலவு இவ்வளவைத் தாண்டினால் எச்சரிக்கை அனுப்பு என்று எல்லா நிறுவனங்களிலும் அமைத்து வைக்கலாம். அமையுங்கள். ஆனால் அதையே நம்பிக்கொண்டும் இருக்காதீர்கள். எச்சரிக்கை மடல் வரும். இயந்திரத்தை நிறுத்தும்படி நாம் தனியே ஏற்பாடு செய்து வைக்காவிட்டால் அம்மடல் எதையும் நிறுத்திவிடாது. எங்களுக்கும் மடல் வந்திருந்தது. பொங்கலன்று யார் பார்த்தோம்?

"இத்தனை சிறிய செயலுக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா?" என்று சிலர் நினைக்கலாம். பெரிய நிறுவனத்தில் வேலைக்குப் போன பிறகு இத்தவற்றைச் செய்தால் நிறுவனத்தின் கணக்கில் போய்விடும், யாருக்கும் வலிக்காது. அரசுக் கல்லூரியில் படிக்கும் நாம் செய்தால், அது ஓர் அண்ணனின் சம்பளத்தில், ஓர் அக்காவின் சீட்டுப் பணத்தில் போய் விழுகிறது. ஆகவே நமக்கு இது சிறிய செயலன்று.

எங்கள் திட்டப்பணி ஒரு வாரம் தாமதமாக முடிந்தது. எழுத்துகளைக் கணிப்பொறி ஓரளவு படிக்கிறது. ழகரத்தில் மட்டும் இன்னும் தடுமாறுகிறது. கடைசி நாள் மாலை இயந்திரத்தை அழித்துவிட்டு, பட்டியல் கேட்டேன். ஒன்றுமில்லை என்று வந்தது. வட்டாரத்தை மாற்றி மறுபடியும் கேட்டேன். அங்கும் இல்லை. வட்டுகளின் பட்டியலையும் தனியே கேட்டேன். இல்லை. அதன் பிறகே திருப்பூருக்குத் தொலைபேசி செய்து, "எல்லா மிஷினையும் நடந்து பார்த்துட்டேங்கண்ணா" என்றேன்.

நண்பர்களே, நீங்களும் இன்று மாலை ஆய்வகத்தை விட்டுக் கிளம்புமுன் ஒருமுறை பூட்டை இழுத்துப் பாருங்கள்.